பர்ஸோடு சோஷியல் கார்டும் போனால்: ஃப்ரீஸா, அலர்ட்டா, லாக்கா, மானிட்டரிங்கா?

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. மலைப்பாதையில் நடந்துவிட்டு வண்டியை நிறுத்திய இடத்துக்குத் திரும்பினால், காரின் பின்பக்கக் கண்ணாடி உடைந்து சீட் முழுக்கச் சில்லுச் சில்லாகக் கிடந்தது. முன்சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்திருந்த என் மனைவியின் கைப்பையைக் காணோம்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, கையில் அகப்பட்ட ஒரு பழைய தபால் கவரின் பின்பக்கத்தில், பையில் என்னென்ன இருந்தன என்று எழுத ஆரம்பித்தோம். டிரைவிங் லைசென்ஸ். டெபிட் கார்டு ஒன்று. கிரெடிட் கார்டு இரண்டு. பாதி தீர்ந்துபோன செக் புக். அதற்கு மேல் அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "சோஷியல் கார்டும் உள்ளதாங்க இருந்துச்சு. திங்கட்கிழமை வேலையில சேரும்போது காட்டணும்னு எடுத்து வெச்சேன். பாப்பாவோடதும் அதே கவர்லதான் இருந்துச்சு."

கார்டுகளை நிறுத்துவது அரைமணி நேர வேலை. சோஷியல் நம்பரை, அதாவது அமெரிக்க அரசு ஒருவருக்குக் கொடுக்கும் சோஷியல் செக்யூரிட்டி அடையாள எண்ணை, என்ன செய்வது? அன்று ராத்திரி நான் தேடிய இடத்திலெல்லாம் நாலு பெயர்கள் மாறி மாறி வந்தன. கிரெடிட் ஃப்ரீஸ், ஃப்ராட் அலர்ட், கிரெடிட் லாக், கிரெடிட் மானிட்டரிங். நாலும் ஒரே பாதுகாப்பைத்தான் தருவதுபோல எழுதியிருப்பார்கள். அப்படி இல்லை. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர் இதில் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருப்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் எதை எதற்காகச் செய்ய வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோஷியல் நம்பர் கைமாறிவிட்டது என்றால் கடன் வரலாற்றைப் பதிவுசெய்து வைக்கும் மூன்று கிரெடிட் பியூரோவிலும் ஃப்ரீஸ் போடுங்கள், அன்றைக்கே. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

முதலில் ஒரு தவறான நிம்மதியைப் பற்றி. சோஷியல் கார்டு தொலைந்தால் புதுக் கார்டு இலவசமாகக் கிடைக்கும். வருடத்துக்கு 3, வாழ்நாளில் 10 என்பது வரம்பு. ஆனால் புதுக் கார்டில் இருப்பதும் பழைய நம்பர்தான். கார்டு தொலைந்தது என்ற ஒரே காரணத்துக்காக சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் நம்பரை மாற்றித் தராது. யாரோ அதைப் பயன்படுத்தித் தொடர்ந்து தொல்லை கொடுக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும். ஆக, புதுக் கார்டுக்கு விண்ணப்பிப்பது நம் வசதிக்கு. பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் விஷயத்தில் இன்னொன்றும் கவலையாக இருந்தது. லைசென்ஸில் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி மூன்றும் இருக்கும். சோஷியல் கார்டில் ஒன்பது இலக்க நம்பர் இருக்கும். தனித்தனியாகப் போயிருந்தால் அவ்வளவு மோசமில்லை. இரண்டும் ஒரே பையில் போனால், ஒருவர் பெயரில் கடன் விண்ணப்பம் நிரப்பத் தேவையான அத்தனையும் திருடன் கையில். உங்களிடமிருந்து போனவற்றைப் பட்டியல் போடும்போது இதைப் பாருங்கள். எத்தனை பொருள் போனது என்பதைவிட, எதோடு எது சேர்ந்து போனது என்பதுதான் முக்கியம்.

ஃப்ரீஸ்

யாருக்காவது புதிதாகக் கார்டோ கடனோ கொடுப்பதற்கு முன் வங்கி அவருடைய கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது அவர் கடன் வாங்கித் திருப்பிய வரலாற்றை, எடுத்துப் பார்க்கும். அந்த ரிப்போர்ட்டுகளை வைத்திருக்கும் பெரிய பியூரோக்கள் மூன்று: ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன். ஃப்ரீஸ் என்பது, "புதிதாக வந்து கேட்கும் யாருக்கும் என் ரிப்போர்ட்டைக் காட்டாதே" என்று இவர்களிடம் சொல்லி வைப்பது. ரிப்போர்ட் கைக்கு வராவிட்டால் கடன் கொடுப்பவர் பொதுவாக விண்ணப்பத்தை நிறுத்திவிடுவார். திருடனிடம் நம்பர் இருந்தும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

ஒரு காலத்தில் இதற்குப் பல மாநிலங்களில் கட்டணம் உண்டு. போடும்போதும் பணம், திறக்கும்போதும் பணம், அதுவும் மூன்று இடத்திலும். 2017-ல் ஈக்விஃபாக்ஸிடமிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போனது. அதற்குப் பிறகு வந்த கூட்டாட்சிச் சட்டத்தால் 2018 செப்டம்பர் 21 முதல் நாடு முழுவதும் ஃப்ரீஸ் இலவசம். ஆன்லைனிலோ தொலைபேசியிலோ கேட்டால் ஒரு வேலைநாளுக்குள் போட்டாக வேண்டும். அதே வழியில் திறக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் திறந்தாக வேண்டும். தபாலில் கேட்டால் கடிதம் கிடைத்து மூன்று வேலைநாள். காலக்கெடு கிடையாது, நீங்களாக எடுக்கும்வரை இருக்கும். கடன் தகுதியைக் காட்டும் கிரெடிட் ஸ்கோரையும் இது தொடாது. ஏற்கெனவே இருக்கும் கார்டுகள் எப்போதும்போல வேலை செய்யும். உங்கள் ரிப்போர்ட்டை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் சிரமம் என்றால், மூன்று இடத்திலும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவரிடம் சொன்னால் மற்றவருக்குப் போகாது. அந்த ராத்திரி நாங்கள் மூன்றையும் முடிக்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. ஒரு தளத்தில், "கீழே உள்ள தெருக்களில் எதில் நீங்கள் வசித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டு நாலு பெயர் காட்டியது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து முதன்முதலில் வாடகைக்கு இருந்த அபார்ட்மெண்டின் தெரு அதில் ஒன்று. எட்டு மாதம்தான் அங்கே இருந்தோம். இப்படிக் கேள்வி வரலாம் என்பதால் பழைய முகவரிகள், பழைய கார் லோன் விவரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது. புதிதாக வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்களுக்கு, கிரெடிட் ஹிஸ்டரி போதாததால் ஆன்லைனில் அடையாளம் உறுதியாகாமல் போகலாம். மனம் தளராதீர்கள். ஆவண நகல்களோடு தபாலில் அனுப்பும் வழி உண்டு.

பலர் ஃப்ரீஸுக்குப் பயப்படுவது, "அவசரத்துக்குக் கடன் வாங்க முடியாமல் போய்விட்டால்?" என்பதற்காக. எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். அடுத்த கோடையில் கார் வாங்கப் போனோம். விற்பனையாளர் முகம் சுருங்க, "ரிப்போர்ட் வரவில்லையே" என்றார். எந்த பியூரோவில் பார்க்கிறீர்கள் என்று கேட்டோம். பெயரைச் சொன்னார். அவள் போனை எடுத்து, அந்த ஒரு பியூரோவில் மட்டும், ஒரே ஒரு நாளைக்கு ஃப்ரீஸைத் திறந்தாள். அவர் கொண்டுவந்து வைத்த காபி ஆறுவதற்குள் ரிப்போர்ட் வந்துவிட்டது. மறுநாள் அதுவாகவே மூடிக்கொண்டது. எந்த பியூரோ என்று கேட்டுக்கொள்வது மட்டும் அவசியம், இல்லாவிட்டால் மூன்றையும் வீணாகத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். வீட்டுக் கடன் மட்டும் வேறு, அதற்குப் பொதுவாக மூன்றையும் பார்ப்பார்கள்.

இந்தத் திறக்கும் மூடும் வேலையெல்லாம் இப்போது தளத்தில் உள்ள உங்கள் கணக்கு வழியாகத்தான் நடக்கிறது. ஆகவே அந்தக் கணக்கோடு இணைத்த மின்னஞ்சலுக்கு நல்ல பாஸ்வேர்டும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் இருக்க வேண்டும். பையோடு போனும் போயிருந்தால் வேறெதற்கும் முன்னால் சிம்மை நிறுத்துங்கள். குறுஞ்செய்தியில் வரும் குறியீடுகள் திருடன் கையில் இருக்கும் போனுக்குப் போகும் நிலையில் ஃப்ரீஸ் போட்டும் பிரயோஜனமில்லை.

ஃப்ராட் அலர்ட்

இது ரிப்போர்ட்டை மூடாது. ரிப்போர்ட்டின் மேல் ஒரு குறிப்பு ஒட்டும்: "இவர் பெயரில் மோசடி நடக்கலாம், கடன் கொடுப்பதற்கு முன் இவர்தானா என்று உறுதிசெய்யுங்கள்." நீங்கள் தொலைபேசி எண் கொடுத்திருந்தால், அந்த எண்ணில் கூப்பிட்டோ வேறு தகுந்த வழியிலோ கடன் கொடுப்பவர் சரிபார்க்க வேண்டும். இதுவும் இலவசம். ஒரு வருடம் இருக்கும், பிறகு புதுப்பிக்கலாம். 2018 வரை இது 90 நாள்தான் இருந்தது.

இதன் பெரிய வசதி, ஒரு பியூரோவிடம் சொன்னால் போதும், மற்ற இரண்டுக்கும் அதுவே சொல்லியாக வேண்டும். ஐந்து நிமிட வேலை. இன்னொரு வசதி, வீட்டுக் கடன் நடுவழியில் இருப்பவர்களுக்கு. ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் திறந்து மூடுவது தொந்தரவு என்றால், கையெழுத்தாகும்வரை அலர்ட் வைத்திருந்து, வீடு கைக்கு வந்த அன்றே ஃப்ரீஸுக்கு மாறலாம். மற்ற யாருக்கும் அலர்ட் மட்டும் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே வருபவரை விசாரியுங்கள் என்று மட்டும்தான் இது சொல்கிறது. விசாரிக்கும் பொறுப்பு நமக்குத் தெரியாத யாரோ ஒரு ஊழியரிடம் இருக்கிறது. அவர் கவனமாக இருப்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும்.

நீட்டிக்கப்பட்ட அலர்ட் என்று ஒன்று உண்டு. அது 7 வருடம். ஆனால் கார்டு தொலைந்தது என்று சொன்னால் கிடைக்காது. உங்கள் பெயரில் மோசடி நடந்ததாக ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசு அமைப்பிலோ போலீஸிலோ கொடுத்த புகார் அறிக்கை வேண்டும். அதைப் போட்டால் முன் அனுமதி பெற்ற கார்டு என்று தபாலில் வரும் அழைப்புகளின் பட்டியலிலிருந்தும் 5 வருடத்துக்கு உங்கள் பெயரை எடுத்துவிடுவார்கள். ஃப்ரீஸும் அலர்ட்டும் ஒன்றாகவே இருக்கலாம், ஒன்று மற்றதைக் கெடுக்காது. நாங்கள் இரண்டையும் போட்டோம். ஃப்ரீஸைத் திறந்து வைக்கும் அந்த ஒரு நாள், இரண்டு நாளில் அலர்ட் காவலுக்கு நிற்கும் என்பதுதான் காரணம்.

லாக்

செயலியில் ஒரு பொத்தானைத் தள்ளினால் பூட்டும், மறுபடி தள்ளினால் திறக்கும். வெளிப்பார்வைக்கு ஃப்ரீஸ் மாதிரியே இருக்கும். ஆனால் ஃப்ரீஸ் சட்டம் கொடுத்த உரிமை. எவ்வளவு நேரத்தில் போட வேண்டும், எவ்வளவு நேரத்தில் திறக்க வேண்டும் என்று பியூரோவைக் கட்டிப்போடுகிறது. லாக் என்பது நிறுவனம் விற்கும் சேவை. அவர்கள் எழுதிய ஒப்பந்தம்தான் அதற்குச் சட்டம். சிலது இலவசம், சிலதுக்கு மாதச் சந்தா. ஃப்ரீஸும் இப்போது போனிலேயே நொடியில் திறக்கிறது என்னும்போது லாக்குக்குப் பணம் கட்ட எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஃப்ரீஸைத் தேடிப் போகும்போது பக்கத்திலேயே சந்தாத் திட்டங்களும் கண்ணில் படும். அவசரத்தில் கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்கும் பக்கத்துக்குப் போய்விட்டால், இடம் தவறிவிட்டோம் என்று திரும்பி வாருங்கள். ஃப்ரீஸுக்கு யாரும் பணம் கேட்கக் கூடாது.

மானிட்டரிங்

நண்பர் ஒருவரின் பர்ஸ் எங்களுக்கு முன்பே தொலைந்திருந்தது. மாதாமாதம் பணம் கட்டி மானிட்டரிங் வைத்திருந்தார். அதுவே போதும் என்று ஃப்ரீஸ் போடவில்லை. ஒருநாள் இரவு அவருடைய போனில் "உங்கள் பெயரில் புதிய விசாரணை" என்று அறிவிப்பு வந்தது, அதாவது கடன் கொடுக்கும் யாரோ அவருடைய ரிப்போர்ட்டைக் கேட்டிருக்கிறார்கள். காலையில்தான் பார்த்தார். அதற்குள் ஒரு கடையின் கார்டு திறக்கப்பட்டு, அதில் பொருளும் வாங்கியாகிவிட்டது. மானிட்டரிங் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதன் வேலையே அவ்வளவுதான். நடந்ததைச் சொல்லும், நடக்கவிடாமல் தடுக்காது. அந்தக் கார்டை ரிப்போர்ட்டிலிருந்து எடுக்க அவர் நாலு மாதம் அலைந்தார்.

ஏதாவது நிறுவனத்தின் தகவல் கசிவுக்காக இலவசமாகக் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் என்ற தளத்தில் மூன்று பியூரோவின் ரிப்போர்ட்டையும் வாரம் ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம். முன்பு வருடத்துக்கு ஒன்றுதான். கொரோனா காலத்தில் வாரம் ஒன்றாக ஆக்கினார்கள், 2023-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். இதே மாதிரிப் பெயர் வைத்த போலித் தளங்கள் இருப்பதால் எழுத்தைச் சரிபார்த்து அடியுங்கள். பொருள் தொலைந்த முதல் இரண்டு மூன்று மாதம் வாராவாரம் பாருங்கள், பிறகு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

ஃப்ரீஸ் மூடாத கதவுகள்

இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் வலியுறுத்த நினைக்கிறேன், ஏனென்றால் முதலில் எனக்கே தெரியாமல் இருந்தது. மூன்று பியூரோவில் ஃப்ரீஸ் போட்டால் கார்டு, கார் லோன், வீட்டுக் கடன் ஆகியவற்றின் கதவு மூடும். சோஷியல் நம்பரை வைத்துச் செய்யக்கூடியவை அதோடு முடிவதில்லை.

புதிதாக வங்கிக் கணக்கு திறப்பவர்களைப் பல வங்கிகள் செக்சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் பதிவில் சரிபார்க்கின்றன. உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, போலிச் செக் போட்டு, பணத்தை எடுத்துவிட்டு ஓடினால் கெட்ட பெயர் அங்கேதான் ஏறும். அங்கும் ஃப்ரீஸ் உண்டு, இலவசம். செல்போன் இணைப்பு, மின்சாரம், கேபிள் போன்றவற்றுக்கு என்.சி.டி.யு.இ. என்று தனியாக ஒரு பதிவு இருக்கிறது, அங்கும் போடலாம். நாலாவது கிரெடிட் பியூரோ இன்னோவிஸ். இம்மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை முடித்தோம். யாரும் எங்களிடம் சொல்லவில்லை, ஒவ்வொன்றாகத் தேடித்தான் கண்டுபிடித்தோம்.

வருமான வரி அடுத்தது. திருடன் உங்கள் நம்பரில் பொய்க் கணக்கு தாக்கல் செய்து ரீஃபண்டை வாங்கிவிட்டால், நீங்கள் தாக்கல் செய்யும்போது "ஏற்கெனவே வந்துவிட்டது" என்று திரும்பி வரும். இதற்கு அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தரும் ஐ.பி. பின் என்ற ஆறு இலக்க எண் இருக்கிறது. வருடா வருடம் புது எண். அது இல்லாமல் உங்கள் நம்பரில் மின்னணு முறையில் யாரும் தாக்கல் செய்ய முடியாது. முன்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். 2021 முதல் அடையாளத்தை உறுதிசெய்ய முடிந்த யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பிள்ளைகளுக்கும் வாங்கலாம். சோஷியல் நம்பர் கைவிட்டுப் போனவர்கள் ஃப்ரீஸுக்கு அடுத்தபடியாகச் செய்ய வேண்டியது இது.

உங்கள் நம்பரில் யாராவது வேலைக்குச் சேர்ந்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், வேலைக்குச் சேருபவரின் தகுதியை முதலாளிகள் சரிபார்க்கும் அரசுத் தளமான இ-வெரிஃபையில் செல்ஃப் லாக் என்ற வசதி இருக்கிறது. இ-வெரிஃபை பயன்படுத்தும் முதலாளிகளிடம் மட்டும்தான் அது பலிக்கும். நீங்களே புது வேலைக்குப் போகும்போது மறக்காமல் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தத் திங்கட்கிழமை வேலைச் சேர்க்கை இருந்ததால் அதை அப்போது தொடவில்லை.

கையில் இருக்கும் கணக்குகளை ஃப்ரீஸ் எதுவும் செய்யாது, அங்கே வேகம்தான் காப்பாற்றும். கிரெடிட் கார்டு என்றால் சட்டப்படி உங்கள் பொறுப்பு 50 டாலரைத் தாண்டாது. டெபிட் கார்டு அப்படி இல்லை. தொலைந்தது தெரிந்த 2 வேலைநாளுக்குள் சொன்னால் 50 டாலர். அதைத் தாண்டினால் 500 டாலர் வரை போகலாம். ஸ்டேட்மெண்ட் வந்து 60 நாள் ஆகியும் சொல்லாமல் விட்டால், அதற்குப் பிறகு போகும் பணத்துக்கு வரம்பே கிடையாது. ஆகவே முதல் அழைப்பு டெபிட் கார்டுக்கு. செக் புக்கும் போயிருந்தால் செக்குகளை நிறுத்தச் சொல்வதோடு விடாதீர்கள், கணக்கையே மூடி வேறு எண்ணில் திறக்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். தானாகக் கழியும் கட்டணங்களை மாற்ற இரண்டு வாரம் பிடித்தது, ஆனாலும் அது செய்ய வேண்டிய வேலைதான்.

பாஸ்போர்ட், கிரீன் கார்டு போன்றவை போயிருந்தால் அது வேறு வகைக் கவலை. அமெரிக்க பாஸ்போர்ட் என்றால் டி.எஸ்.-64 படிவத்தில் தொலைந்ததைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அது கிடைத்தாலும் பயணத்துக்குச் செல்லாது. கிரீன் கார்டுக்கு ஐ-90. இந்திய பாஸ்போர்ட் என்றால் போலீஸ் புகாரோடு தூதரகத்துக்கு. லைசென்ஸ் தொலைந்ததை மாநில மோட்டார் வாகனத் துறையிடம் சொல்லும்போது, புது நம்பர் தர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

குழந்தைகள், பெற்றோர்

மகளின் கார்டுதான் எங்களை அதிகம் உலுக்கியது. ஏழு வயதுக் குழந்தையின் நம்பரில் எந்தக் கடனும் இருக்காது, யாரும் ரிப்போர்ட் எடுத்துப் பார்க்கவும் மாட்டார்கள். பதினெட்டு வயதில் அவள் முதல் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரும். அதுவரை திருடனுக்குப் பதினோரு வருடம். 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஃப்ரீஸ் போடலாம் என்று அதே 2018 சட்டம் சொல்கிறது. பியூரோவில் குழந்தை பெயரில் கோப்பே இல்லாவிட்டாலும், ஒரு பதிவை உருவாக்கி அதை மூடி வைக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் நகல், சோஷியல் நம்பர் ஆதாரம், நம்முடைய அடையாளம், முகவரி ஆதாரம் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று கவர்கள் தயார் செய்து தபாலில் அனுப்பினோம். 16, 17 வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே கேட்டுக்கொள்ளலாம்.

கிரீன் கார்டில் வந்து நம்மோடு இருக்கும் அப்பா அம்மாவையும் யோசியுங்கள். நம்பர் இருக்கும், அவர்கள் கடனே வாங்கப் போவதில்லை. தொலைந்தாலும் தொலையாவிட்டாலும் அவர்களுக்கு ஃப்ரீஸ் போட்டு அப்படியே விட்டுவிடலாம். திறக்க வேண்டிய அவசியம் வருவதே அபூர்வம்.

புகார் எப்போது?

தொலைந்த அன்றே போலீஸில் ஒரு புகார் எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி உடைந்ததற்கான காப்பீட்டுக்கும் அது வேண்டியிருந்தது. ஃபெடரல் டிரேட் கமிஷனின் ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் தளம், உங்கள் பெயரில் ஏதாவது நடந்த பிறகுதான் முழுப் பலன் தரும். அங்கே கிடைக்கும் அறிக்கையையும் அடையாள ஆதாரத்தையும் கொடுத்து, எந்தப் பதிவு உங்களுடையது அல்ல என்று சுட்டிக்காட்டினால், மோசடிக் கணக்கை பியூரோ 4 வேலைநாளுக்குள் ரிப்போர்ட்டிலிருந்து மறைக்க வேண்டும். வெறும் ஆட்சேபணை என்று எழுதிப் போட்டால் விசாரணைக்கு 30 நாள். நண்பர் நாலு மாதம் அலைந்ததற்கு இந்த வித்தியாசம் தெரியாததும் ஒரு காரணம்.

எங்களுக்கு அந்தத் தளம் ஒன்பது மாதம் கழித்துத் தேவைப்பட்டது. நாங்கள் கால்வைத்தே இராத மாநிலத்திலிருந்து ஒரு வங்கிக் கடிதம் மனைவி பெயருக்கு வந்தது. "நீங்கள் விண்ணப்பித்த கார்டைத் தர இயலவில்லை. உங்கள் கிரெடிட் கோப்பு மூடப்பட்டிருப்பதால் ரிப்போர்ட்டைப் பெற முடியவில்லை. திறந்துவிட்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம்." விண்ணப்பத்தில் எங்கள் வீட்டு முகவரியையே கொடுத்திருந்தார்கள். லைசென்ஸில் இருந்தது அதுதான். அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து அந்தப் பழைய கவரை எடுத்து, "சோஷியல் கார்டு" என்று எழுதியிருந்த வரிக்கு எதிரே அன்றைய தேதியைக் குறித்தாள். வங்கியின் மோசடிப் பிரிவைக் கூப்பிட்டு, விண்ணப்பம் எங்களுடையது அல்ல என்று பதிவு செய்தோம். அன்று மாலையே டிரேட் கமிஷன் தளத்தில் அறிக்கை எடுத்து, முடிய இன்னும் மூன்று மாதம் இருந்த அலர்ட்டை 7 வருடத்துக்கு மாற்றினோம். ஃப்ரீஸை அப்படியே வைத்திருக்கிறோம்.